வராதவர் கணக்கு



2019ஆம் ஆண்டின் பெரிய வியாழனை நாம் எளிதில் மறப்பதற்கில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அது. தமிழகத்தில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நடந்ததும் அன்றுதான். சென்னை மாநகரில் உள்ள நம் பங்கின் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி. ஒருபுறம் வகுப்பறைகளில் வாக்குப்பதிவு எந்திரங்கள். மறுபுறம் ஆலயத்தில் மாலைத் திருவழிபாட்டிற்கான ஏற்பாடுகள். அதற்கு முந்திய குருத்து ஞாயிறன்று மறையுரையின் முடிவில், "வாக்களிப்பது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும், எவரும் வீட்டில் இருந்துவிடலாகாது" என்று சற்று உரத்த குரலிலேயே சொல்லியிருந்தோம்.

வியாழன் நண்பகலில், கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, நாமும் சாவடிக்குச் சென்றோம். அங்கிருந்த அலுவலர் பட்டியலை இருமுறை புரட்டினார். மீண்டும் ஒருமுறை புரட்டினார். நம் பெயர் அதில் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. இப்பங்கிற்கு மாற்றலாகி வந்து ஓராண்டு கடந்திருந்தும், பெயரை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் கொடாமல், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று நாள் கடத்தியவர் நாமே. நம் பெயர் வேறொரு மாவட்டத்தில், பழைய பங்கின் பட்டியலிலேயே கிடந்தது. எவரையும் குறை கூற இடமில்லாமல் திரும்பி வந்தோம்.

ஆலய வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் எதிரே வந்தார். மை வைத்த இடக்கை விரலைக் காட்டி, "சாமி, போட்டாச்சா?" என்று கேட்டார். நம்மிடமிருந்து விடை வரவில்லை. அவரே தொடர்ந்தார். அவரும் வாடகை வீடு மாறி வந்தவர்தாம். அவர் பெயரும் பழைய வீட்டுப் பக்கம்தான் இருந்தது. இரண்டு பேருந்து மாறிச் சென்று, வெயிலில் வரிசையில் நின்று, வாக்களித்துவிட்டுத் திரும்பியிருந்தார். "அவ்வளவு தூரம் அலைய வேண்டுமா அம்மா?" என்று கேட்டோம். "வருசம் பூரா என்னை யாரு சாமி கணக்குல வைக்கிறாங்க? இன்னிக்கு ஒரு நாள்தானே!" என்றார்.

அன்று மாலை, பாதம் கழுவப்படுவதற்கு அமர்ந்த பன்னிருவரில் அவரும் ஒருவர். அவர்முன் குனிந்தபோது, சொன்னவர் யார், செய்தவர் யார் என்பது நம் இருவருக்குமே தெரிந்திருந்தது.

இதை இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அண்மையில் ஒரு மாலை, நம் பங்கின் குடும்பங்கள் சில கூடியிருந்த இடத்தில் பேச்சு அரசியலுக்குத் திரும்பியது. நம் பகுதி எந்தப் பக்கம் சாயும் என்பதே பேச்சு. "நம்ம ஏரியா எப்பவுமே ஒரே பக்கம்தான் ஃபாதர், நாம போனாலும் போகாட்டாலும் ஒண்ணுதான்" என்று ஒரு தம்பி உறுதியாகச் சொன்னார். மற்றவர்களும் தலையசைத்தார்கள். "சென்ற முறை இங்கிருப்போரில் எத்தனை பேர் வாக்களித்தீர்கள்?" என்று கேட்டோம். பதினான்கு பேர் இருந்த இடத்தில் ஆறு கைகளே உயர்ந்தன. அந்தத் தம்பியின் கை உயரவில்லை.

ஒரு பகுதியின் சாய்வு என்று நாம் எதைச் சொல்லுகிறோம்? அங்கே வாழ்வோர் அனைவரின் எண்ணத்தையா? இல்லை. அன்றைய தினம் வந்தவர்களின் எண்ணத்தை மட்டுமே சொல்லுகிறோம். தட்டில் வைத்த பொருளுக்குத்தான் தராசு சாயும். வீட்டு அலமாரியில் இருக்கும் பொருளுக்குச் சாயாது. பதினான்கு பேரில் எட்டுப் பேர் வராத கூட்டத்தின் சாய்வை எவர்தாம் அறிவார்?

நம் மாநகரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தியாகராய நகரை அறியாதவர் நம்மில் இல்லை. திருமணத்திற்கும் கிறிஸ்துமஸுக்கும் துணியெடுக்க அங்கே போகாத குடும்பம் அரிது. அப்பகுதியின் பெயரே ஓர் அரசியல் வரலாறு. நீதிக்கட்சியின் ஆட்சிக் காலத்தில், 1920களில் உருவாக்கப்பட்ட அந்நகருக்கு அக்கட்சியின் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயர் இடப்பட்டது. நடுவிலுள்ள பூங்காவோ அக்கட்சியின் முதலமைச்சர் பனகல் அரசரின் பெயரைத் தாங்கியது. அங்கே 2006, 2011, 2016 ஆகிய மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் அ.இ.அ.தி.மு.க.வே வென்றது. "இங்கே எப்போதும் இவர்கள்தாம்" என்று சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் 2021இல் என்ன நடந்தது? ஏப்ரல் 6ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த இரண்டாம் நாள், வாக்குப்பதிவு. எண்ணி முடித்தபோது தி.மு.க. வேட்பாளர் 137 வாக்குகள் வேறுபாட்டில் வென்றிருந்தார். இரு தரப்புக்கும் ஏறத்தாழ 56,000 வாக்குகள். இடையே இருந்தவை 137 மட்டுமே! இந்த 137 என்பது ஞாயிறு முதல் திருப்பலிக்கு வருவோர் தொகையைவிடக் குறைவு. ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் தொகை. அதே தொகுதியில் அன்று வாக்களிக்க வராதவர்களோ ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

வென்றவர் தகுதியால் வென்றாரா, தோற்றவர் குறையால் தோற்றாரா என்பது நம் பேச்சன்று. அந்த ஓர் இலட்சம் பேர் எவர் பக்கம் சாய்ந்திருந்தனர் என்பது எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு நாள் இருந்தது. அந்த நாள் கடந்துவிட்டது. வாராதிருந்தவர்களுள் பலர், "என் ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும்?" என்று எண்ணியிருப்பர். 137 வீடுகளில் அவ்வாறு எண்ணாதிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும். அன்றேல் அதே முடிவு ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்பட்டிருக்கும்.

இது ஒரு தொகுதியின் கதை மட்டுமன்று. அதே 2021 தேர்தலில் தமிழகம் முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பேர் வாக்களித்தனர். கரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 84 பேர். சென்னை மாவட்டத்திலோ 59 பேர். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் நூற்றுக்கு 81 பேர் வந்தபோது, தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54 பேரே வந்தனர். உழைக்கும் மக்கள் மிகுந்த வட சென்னையில் 60 பேர் வந்தனர். கல்லூரிகள் மிகுந்த பக்கம் வரிசை குட்டையாகவும், கைவண்டியும் மீன்கூடையும் மிகுந்த பக்கம் வரிசை நீளமாகவும் இருப்பது சிந்திக்கத்தக்கது. படிப்பு நமக்குக் குறை சொல்லக் கற்றுத்தந்தது. வரிசையில் நிற்கக் கற்றுத்தரவில்லை போலும்!

எனினும் நியாயமாய்ப் பேசவேண்டும். நகரத்தின் இக்குறைந்த எண்ணிக்கை முழுவதும் சோம்பலின் கணக்கன்று. சிற்றூரில் ஒருவர் பிறந்த வீட்டிலேயே வாழ்நாள் முழுதும் வாழக்கூடும். நகரத்தில் நான்கு ஆண்டுகளில் மூன்று வாடகை வீடுகள் மாறுகிறோம். பெயரோ முதல் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. சிலருக்கு இரண்டு இடங்களில் பெயர். இறந்தோரின் பெயர்களும் நீங்காமல் இருந்துவிடுவதுண்டு. 2025ஆம் ஆண்டின் இறுதியில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் சென்னை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம் மாறினோர், இருமுறை பதிவானோர், தேடியும் காணப்படாதோர் என்று காரணங்கள் கூறப்பட்டன. 2019இல் நம் பழைய ஊரின் பட்டியலில் "வராதவர்" என்று எண்ணப்பட்டவருள் நாமும் ஒருவரன்றோ! ஆகவே விழுக்காட்டைப் பார்த்து அயலாரைப் பழிப்பதற்குமுன், நம் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நலம்.

இன்னொரு காரணமும் உண்டு. அது பட்டியலில் இல்லை, வீட்டிற்குள் இருக்கிறது. மேலே சொன்ன கூட்டம் கலைந்தபின் ஒரு சகோதரி பின்தங்கி நின்றார். "சாமி, நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து வாக்களித்ததேயில்லை" என்றார். காரணம் கேட்டோம். மாமனார் ஒரு கட்சி. கணவர் அதற்கு நேர் எதிர்க் கட்சி. தேர்தல் வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருவதில்லை. இவர் யாருக்கு வாக்களித்தாலும் ஒருவருக்குத் துரோகம் என்று பேச்சு வரும். "வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் போவதேயில்லை" என்றார். "உங்கள் மனத்தில் ஒரு தெரிவு உண்டா அம்மா?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கி, "உண்டு சாமி. இருவருடையதும் அல்ல" என்றார்.

அன்புக் குடும்பத்தினரே, இதை எண்ணிப் பாருங்கள். அவ்வீட்டை அத்தெருவில் உள்ளோர் "அரசியல் ஆர்வமுள்ள வீடு" என்பர். அங்கே இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. மூன்றாம் குரல் அடுப்படியிலேயே அடங்கிவிடுகிறது. வாக்கு மறைவாய் அளிக்கப்படுவது இவர் போன்றோரைக் காப்பதற்காகவே. எந்திரத்தின் அருகே காகிதச் சீட்டு ஏழு நொடி மட்டும் கண்ணுக்குத் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். அதைக் காண்பவர் வாக்காளர் ஒருவரே. கணவரும் கேட்கலாகாது, மாமனாரும் கேட்கலாகாது, பங்குத் தந்தையும் கேட்கலாகாது. "போட்டாயா?" என்று கேட்பது அக்கறை, "யாருக்குப் போட்டாய்?" என்று கேட்பது அத்துமீறல். குடும்பத் தலைவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். கட்சி வேறுபாட்டினால் ஒரே பந்தியில் உட்கார மறுப்பவர்கள், ஒரே திருப்பந்திக்கு எவ்வாறு வருகிறார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

நம்மிடமும் சிலர், "சாமி, எந்தச் சின்னம் என்று ஒரு குறிப்பாவது காட்டுங்கள்" என்று கேட்பதுண்டு. காட்டமாட்டோம். அரசியல் கட்சிகளில் குருக்கள் தீவிரப் பங்கு கொள்ளலாகாது என்பது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறும் பொது நெறி. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு என்பது நாட்டின் தேர்தல் சட்டம். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு அதை மேலும் விரித்துரைத்தது. ஆனால் யாருக்கு என்று சொல்லாதிருப்பது வேறு. போ என்று சொல்லாதிருப்பது வேறு. விடுதலையோடு வாக்களிக்கும் உரிமையையும் கடமையையும் பொது நன்மைக்காகப் பயன்படுத்துமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே குடிமக்களை நினைவூட்டிற்று. கத்தோலிக்க மறைக்கல்வி நூல் வரி செலுத்துவதையும் வாக்களிப்பதையும் ஒரே வரிசையில் வைத்து, ஒழுக்கக் கடமைகளாகவே எண்ணுகிறது. வரி ஏய்ப்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வோர் சிலராவது உண்டு. வாக்களிக்காததைச் சொன்னவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. நாமே 2019இல் அதைச் சொல்லிய பிறகுதான் அது நமக்கு விளங்கிற்று.

"எவரும் தகுதியற்றவராய் இருந்தால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, மேற்கண்ட எவருமில்லை என்று பதிவு செய்யும் வசதி எந்திரத்திலேயே உண்டு. அதனால் தேர்தல் முடிவு மாறாது என்பது மெய். ஆயினும் வந்து மறுத்தவரின் மறுப்பு எண்ணப்படுகிறது. வராமல் மறுத்தவரின் மறுப்பு உறக்கத்தோடு சேர்த்து எண்ணப்படுகிறது.

"பணம் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள், நம் நேர்மையான வாக்கு எதற்கு?" என்போரும் உண்டு. வட சென்னையின் இராதாகிருஷ்ணன் நகர் தொகுதியில் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த இடைத்தேர்தல், பணப்பட்டுவாடாப் புகாரினால் நிறுத்தப்பட்டு டிசம்பரில் நடத்தப்பட்டதை நாடறியும். பணம் கொடுப்பதைப்போலவே வாங்குவதும் குற்றம் என்பதையும் நினைவில் கொள்வோம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நூறு பேர் வரும் இடத்தில் வெல்வதற்கு எத்தனை பேரை வாங்க வேண்டும்? ஐம்பது பேரே வரும் இடத்தில் எத்தனை பேரை வாங்கினால் போதும்? நேர்மையாளர் வீட்டிலிருக்கும்போது, விலைகொடுப்பவரின் செலவு பாதியாகக் குறைகிறது. நாம் வராதிருப்பது அவருக்குத் தரும் தள்ளுபடி!

இறுதியாக ஒன்று. நாட்டின் ஆட்சி தொலைவிலிருப்பது என்று எண்ணுவோர், நம் வீட்டு வாசலில் இருக்கும் ஆட்சிக்காவது செல்லவேண்டுமன்றோ? 2021 நவம்பரில் பெய்த மழையில் தியாகராய நகர் உட்பட மாநகரின் பல தெருக்களில் நாட்கணக்கில் நீர் தேங்கிற்று. மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு என்று எங்கும் இதே பேச்சு. மூன்று திங்கள் கழித்து, 2022 பிப்ரவரி 19 அன்று, இவற்றையே கவனிக்கும் மாநகராட்சிக்குத் தேர்தல் வந்தது. இருநூறு வார்டுகள். தமிழக நகர்ப்புறங்கள் அனைத்திலும் சேர்த்து நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேர் வாக்களித்தனர். சென்னையில் வாக்களித்தவர் 44 பேருக்கும் குறைவு. முழங்கால் அளவு நீரில் நின்று குறை கூறிய நாம், காய்ந்த தரையில் வரிசையில் நிற்க வரவில்லை.

ஆதலால், உங்களிடம் வேண்டுவது மிகச் சிறியது. இந்த வாரத்திலேயே, தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல், உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாய்ச் சேர்க்கவும், விடுபட்ட பெயரைத் திரும்பச் சேர்க்கவும் படிவம் 6. வீடு மாறினாலோ பிழை இருந்தாலோ படிவம் 8. 1950 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால். 1989 முதல் அது நடைமுறையில் உள்ளது. பதினேழு நிறைந்த பிள்ளைகள் இப்போது முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். உறுதிபூசுதலுக்குப் பிள்ளையின் பெயரை மறவாமல் கொடுக்கும் பெற்றோரே, இதற்கும் கொடுங்கள். கணினி பழகாத முதியோருக்கு நம் இளைஞர் சபையினர் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் பள்ளி மண்டபத்தில் உதவி செய்வர். அங்கே கட்சிக் கொடியும் இராது. கட்சிப் பேச்சும் இராது.

நம் பெயரை அடுத்த தேர்தலுக்குமுன் இப்பங்கின் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டோம். 2021 ஏப்ரல் 6ஆம் நாள் காலையில், உயிர்ப்பு விழாக் களைப்பு நீங்காத நிலையிலும், வரிசையில் போய் நின்றோம். நமக்கு நாலைந்து பேருக்குமுன் அந்த அம்மா நின்றிருந்தார். அவரும் பெயரை இங்கே மாற்றியிருந்தார். திரும்பிப் பார்த்து, "இந்த வாட்டி சாமி பேரு இருக்கா?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. "இருக்கிறது அம்மா" என்றோம்.

இப்போது உங்களைக் கேட்கிறோம்: உங்கள் பெயர் இருக்கிறதா?

அடுத்த திங்களில் சந்திப்போம். இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக.